நெய்வேலி மண் மலையில் காடு... கார்பன் கிரெடிட் கிடைக்குமா?

நெய்வேலிக்காரர்களிடம் மலை எங்கே இருக்கு என்று கேட்டால், சுரங்கத்து மண் மேட்டைத்தான் காட்டுவார்கள். இங்கே ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கிறது. அப்படிக் குவிந்த மேடுகளில் என்எல்சி நட்ட மரங்கள் இன்று காடு மாதிரியே நிற்கின்றன. சரி, இந்தக் காட்டை வைத்து கார்பன் கிரெடிட் விற்க முடியுமா?

கார்பன் கிரெடிட் என்றால் என்ன?

ஒரு டன் கார்பன் டை ஆக்சைடை காற்றில் சேராமல் தடுத்தாலோ, காற்றிலிருந்து உறிஞ்சினாலோ ஒரு கிரெடிட். புகை விடும் நிறுவனங்கள் அதைக் காசு கொடுத்து வாங்கும். மரம் இருந்தாலே கிரெடிட் கிடைத்துவிடாது. 'இந்தப் பணம் வராவிட்டால் இந்தக் காடு இருந்திருக்காது' என்று நிரூபிக்க வேண்டும்.

நெய்வேலி இங்கேதான் அடிவாங்குகிறது. தோண்டிய நிலத்தைச் சீரமைத்து மரம் நடுவது சுரங்க நிறுவனத்தின் சட்டப்படியான கடமை. எப்படியும் செய்தாக வேண்டிய வேலைக்கு கிரெடிட் கேட்பது கஷ்டம்.

கணக்கும் உதைக்கிறது. பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க, சுமாராக ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 500 மெகாவாட் அலகு ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 5 லட்சம் யூனிட், அதாவது ஏறக்குறைய 500 டன். ஒரு ஹெக்டேர் இளங்காடு வருஷத்துக்கு 10 டன் உறிஞ்சும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தாலும் அந்த ஒரு மணி நேரப் புகைக்கு 50 ஹெக்டேர் காடு ஒரு வருஷம் உழைக்கணும்!

அப்போ எங்கேதான் இது எடுபடும்?

மேகாலயாவின் காசி மலையில் நடந்திருக்கிறது. விறகு, கரி, கல்குவாரி, காட்டுத்தீ என அங்கே காடு கண்ணெதிரே சுருங்கிக்கொண்டிருந்தது. 'ஹிமா' எனப்படும் 10 பாரம்பரிய காசி ஆட்சி அமைப்புகள் கூட்டாகச் சேர்ந்து சுமார் 27,000 ஹெக்டேரில் திட்டம் தொடங்கின. தீத்தடுப்புக் கோடு வெட்டினார்கள், விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்பு கொடுத்தார்கள். 2013இல் 'பிளான் விவோ' சான்றிதழும் கிடைத்தது. அங்கே ஆபத்து நிஜமாகவே இருந்தது, காடும் மக்கள் கையில் இருந்தது.

நம்ம பக்கத்துக் கல்வராயன் மலையில் செய்யலாமா?

வனத்துறை ஏற்கெனவே பாதுகாக்கும் காப்புக்காட்டைக் காட்டி கிரெடிட் வாங்குவது சிரமம். சிதைந்துபோன சரிவுகளை மீட்டால் வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு கோடைத் தீ போதும், பத்து வருஷச் சேமிப்பு புகையாகிவிடும். அளப்பது, தணிக்கை, சான்றிதழ் என்று செலவும் முன்கூட்டியே நிற்கும். சிறிய திட்டங்கள் திணறுவது இதனால்தான்.

வாங்குபவர்களும் இப்போது உஷார். வெர்ரா அமைப்பு சான்றளித்த மழைக்காட்டு கிரெடிட்களில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் காகிதக் கணக்கு என்று 2023 ஜனவரியில் 'கார்டியன்' நாளிதழ் எழுதியது. வெர்ரா அதை மறுத்தது.

பணம் யாருக்கு?

கல்வராயனில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கு இதுதான் முக்கியம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன், கடுக்காய் போன்ற சிறு வன விளைபொருள்கள் மீது உரிமை தருகிறது. கார்பன் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த ஒப்பந்தங்களோ பல பத்தாண்டுகளுக்குப் போடப்படுபவை. விறகு, மேய்ச்சல் உரிமை என்ன ஆகும், கிராமத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே கிராம சபையில் வைத்துப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.