படை நடத்தாத தளபதி

தளபதி என்றதும், களத்தின் நடுவே நின்று படையை ஏவும் வீரரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். போர்க்களத்தில் ஒரு சேனையையேனும் தலைமை தாங்கி நடத்தாமலே அழியாப் புகழ் எய்திய தளபதி ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர்தாம் ஜார்ஜ் மார்ஷல்.

1880-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்த அவர், வர்ஜீனியா இராணுவக் கல்லூரியில் 1901-இல் தேறிப் படையிற் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது, 1917-இல், பிரான்சு நாட்டில் ஒரு நிகழ்ச்சி. அமெரிக்கப் படைத்தலைவர் பெர்ஷிங், படைப்பயிற்சி ஒன்றைப் பார்வையிட்டு, மார்ஷலின் மேலதிகாரியைப் பலர்முன் கடிந்துகொண்டார். கீழ்நிலை அலுவலரான மார்ஷல் முன்சென்று, குறைகளுக்குரிய காரணங்களை அஞ்சாது எடுத்துரைத்தார். அவருடைய உத்தியோகம் தொலைந்தது என்றே உடனிருந்தோர் எண்ணினர். பெர்ஷிங்கோ பின்னர் அவரைத் தம் அணுக்க உதவியாளராக அமர்த்திக்கொண்டார். உண்மை உரைப்பவனின் அருமையை அறிந்தவர் அவர்.

1939 செப்டம்பர் 1-ஆம் நாள், ஹிட்லரின் படைகள் போலந்தினுள் புகுந்த அதே நாளில், மார்ஷல் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பொழுது இரண்டு இலட்சத்துக்கும் குறைவாயிருந்த நிலைப்படை, போர் முடியுமுன் எண்பது இலட்சம் பேர் கொண்ட பெருஞ்சேனையாயிற்று.

1943-இல் நார்மண்டிப் படையெடுப்புக்குத் தலைவர் யார் என்ற வினா எழுந்தது. அப்பதவி வரலாற்றில் நிலைத்த இடம் தரவல்லது. மார்ஷலின் விருப்பம் யாது எனக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கேட்டார். தம் விருப்பத்தைக் கருதாது, நாட்டுக்கு நலமானதையே செய்யுமாறு மார்ஷல் விடையிறுத்தார். அவர் தலைநகரில் இல்லாவிடில் தமக்கு நிம்மதியான உறக்கமிராது என்றார் ரூஸ்வெல்ட். பதவி ஐசன்ஹோவருக்குச் சென்றது. அந்நியமனத்தை ஸ்டாலினுக்குத் தெரிவிக்கும் செய்தியை, ரூஸ்வெல்ட் சொல்லச்சொல்ல, மார்ஷலே தம் கையால் எழுதினார். அத்தாளைப் பின்னர் ஐசன்ஹோவருக்கே நினைவுப்பொருளாக அனுப்பியும் வைத்தார்!

போர் முடிந்தது, ஐரோப்பா பசியில் வாடிற்று. வெளிநாட்டு அமைச்சராயிருந்த மார்ஷல், 1947 ஜூன் 5-ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பாவின் மறுவாழ்வுக்கான திட்டத்தை அறிவித்தார். 1948 முதல் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் உதவி மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றது. தோற்ற பகைநாடான ஜெர்மனியின் மேற்குப் பகுதியும் அதில் பங்கு பெற்றது. பொதுவுடைமை பரவுவதைத் தடுத்தல், வாணிகத்தை வளர்த்தல் ஆகிய அமெரிக்காவின் தன்னல நோக்கங்களும் அதில் கலந்திருந்தன என்பதை மறைத்தல் தகாது. எனினும், உலையேறாத அடுப்புகளில் உலையேறியதும் உண்மையே.

1953-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. 1959 அக்டோபர் 16-ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாணவர்களே, விரும்பிய பதவி பிறர்க்குச் செல்லுங்கால் முகம் வாடாதிருத்தல் எளிதன்று. அச்செய்தியைத் தம் கையாலேயே எழுதிய அம்மனிதரை அவ்வேளையில் நினைந்து கொள்ளுங்கள்.