பால் சிந்தா நடை

மெல்லச் சென்றால் நடை, விரைந்து சென்றால் ஓட்டம் என்பது பலரும் கூறும் விளக்கம். பள்ளிப் பிள்ளைக்கு அது போதும், உடலியலுக்குப் போதாது. மனிதன் நடக்கும்போது ஓர் அடியாவது எப்போதும் நிலத்தில் ஊன்றியிருக்கும். ஓடும்போதோ ஈரடியும் நிலத்தை விட்டு நீங்கும் கணம் ஒன்று உண்டு. வேறுபாடு அங்கேதான், விரைவில் அன்று.

பேராக் மாநிலத்தார் நன்கறிந்த யானையை நோக்குக. லோங் ஜாபாரின் யானை கால்களில் ஈயமண் படிய வந்ததால்தான் லாருட்டில் ஈயம் இருப்பது தெரிந்தது என்பது அங்கு வழங்கும் கதை. இன்றும் கிரிக் - ஜெலி நெடுஞ்சாலையைக் காட்டு யானைகள் கடப்பதுண்டு. இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால் என்பது யானை அடிவைக்கும் முறை. தாய்லாந்து யானைகளை ஆராய்ந்து 2003இல் எழுதிய அறிஞர்கள், மணிக்கு 25 கிலோமீட்டர் அளவுக்கு விரைந்தபோதும் இம்முறை மாறவில்லை, நான்கு கால்களும் ஒருங்கே எழவும் இல்லை என்று கண்டனர். எனினும் உடல் மட்டும் ஓட்டத்திற்போலத் துள்ளியது. இலக்கணம் என்றால் புறனடையும் இருக்கத்தானே செய்யும்!

மனித நடை தலைகீழாய் நிறுத்திய ஊசல் போன்றது. ஊன்றிய கால்மீது உடல் ஏறி, அப்பால் இறங்கும். ஏறியபோது சேர்ந்த ஆற்றல் இறங்கும்போது மீள்வதால் களைப்புக் குறைகிறது. ஓரடியில் இவ்வேற்றம் ஏறத்தாழ நான்கைந்து செண்டிமீட்டர்.

ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்க்கு இந்த நான்கைந்து செண்டிமீட்டர் கூலியைத் தொட்ட செய்தி. விடியற்குளிரில்தான் பால் மிகுதியாக வடியும்; வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகவே பெரட்டு முடிந்ததும் நிரை நிரையாக விரைந்து வெட்ட வேண்டும். பின்னர் மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாக் கோலின் இருபுறமும் தொங்கவிட்டு, எடைபோடும் இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். தாமதித்தால் பால் உறையும், ஓடினால் சிந்தும். சிந்திய பால் எடையில் ஏறாது. மேடும் பள்ளமும் வேர்களும் நிறைந்த வழியில் ஆணும் பெண்ணும் கண்ட வழி, முழங்காலைச் சற்றே மடக்கி, அடிகளைக் குறுக்கி, அடுக்கடுக்காக வைப்பதே. உடல் ஏறி இறங்குவது அதனால் குறையும். கோல் தக்கபடி வளைந்து கொடுத்தால், தோள் அசையும் அளவுக்குச் சுமை அசையாது.

ஆயினும் இந்நடை இலவசமன்று. ஊசல் தரும் ஊதியம் இங்குக் குன்றிவிடுகிறது. மடங்கிய முழங்காலைத் தாங்கும் வேலை முழுதும் தொடைத்தசைமேல் விழுகிறது. வாளியில் மிஞ்சிய பாலுக்கு விலை தொடையில் கொடுக்கப்பட்டது.

பேராக்கின் தோட்டங்கள் பலவற்றில் இரப்பர் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. இரப்பர் எஞ்சிய சிறுதோட்டங்களிலும் பாலை மங்கிலேயே உறையவிட்டுக் கட்டியாக எடுப்பதே பெருவழக்கு. கட்டிப்பால் சிந்துவதில்லை. அதைச் சுமப்பவர் முழங்காலை நிமிர்த்தியே நடக்கலாம்.