சிரட்டைப் பாலில் ஒரு பந்து

இறப்பர் மரம் வெட்டும் இடங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுப்பால் பந்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டிய இடத்தில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் பாலை நாடாவாக உரித்துச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்குவார்கள். அந்தப் பந்தையே இரசாயனப் பாடமாக்கலாம் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. தப்பிய குடும்பங்கள் அயலிலிருந்த பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டன. பள்ளிக்கூடம் முகாமாகிவிட்டால் பாடம் நின்றுவிடும். தமிழும் கணிதமும் ஒரு கொப்பி கிடைத்தாலே தொடரும். விஞ்ஞானந்தான் முதலில் கைவிடப்படுகிறது. ஆய்வுகூடம் இல்லை என்பதே காரணம். “எங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் வராது” என்று பெற்றோரே சொல்லக் கேட்டிருக்கிறோம். வராமல் என்ன? செய்து காட்டத்தான் ஆளில்லை.

பதுளைப் பக்கம் தேயிலை மலை. ஆனால் இதே ஊவாவில், மொனராகலையில், சிறு இறப்பர்த் தோட்டங்கள் உண்டு. காலையில் வெட்டிய பாலை ஒரு போத்தலில் வாங்கி அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். வைத்தால் பசுப்பால் புளித்துத் திரைவதுபோல இதுவும் தானாகவே உறைந்துவிடும்.

மூன்று மேசைக்கரண்டி பாலுடன் அதேயளவு தண்ணீர் கலக்குங்கள். வினாகிரியைச் சிறிது சிறிதாக விட்டுக் குச்சியால் கிளறுங்கள். பால் திரண்டு குச்சியைப் பிடித்துக்கொள்ளும். அதை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, உள்ளிருக்கும் நீர் போகும்வரை பிழிந்து உருட்டினால் பந்து தயார். தோட்டங்களில் பால் உறையவிடப் பயன்படும் போமிக் அமிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது, தோலைச் சுடும். இறப்பர் பட்டால் தடிக்கும் உடம்புள்ள பிள்ளை தள்ளி நின்று பார்க்கட்டும். பள்ளிச் சீருடையிலும் பால் படக்கூடாது, பட்டால் போகாது.

ஏன் திரள்கிறது? பாலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இறப்பர். கண்ணுக்குத் தெரியாத அத்துணிக்கைகள் ஒவ்வொன்றையும் புரதம் போர்த்தியிருக்கிறது. எல்லாவற்றிலும் எதிர் மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. அமிலம் அந்த ஏற்றத்தைத் தணித்ததும் ஒட்டிக்கொள்கின்றன.

இனித்தான் உண்மையான பாடம். சுவரில் கரியால் ஒரு மீற்றருக்கு அளவு கீறி, அந்த உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். எவ்வளவு துள்ளுகிறது? மூன்று முறை பார்த்து நடு அளவை எழுதட்டும். அடுத்த பந்தில் ஒன்றை மட்டும் மாற்றட்டும்: வினாகிரியைக் குறைக்கலாம், தண்ணீரைக் கூட்டலாம். இரண்டை ஒருசேர மாற்றினால் எதனால் துள்ளியது என்று சொல்லமுடியாது. ஒரே பந்தைக் குளிர்ந்த ஓடைநீரிலும் இளஞ்சூட்டு நீரிலும் ஊறவைத்துப் பார்த்தால் சூடான பந்தே உயரத் துள்ளும்.

நடு அமெரிக்க நாடுகளின் பழங்குடிகள் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே மரப்பாலில் ஒரு கொடியின் சாற்றைச் சேர்த்துப் பந்து செய்தார்கள். ஆய்வுகூடம் அவர்களிடமும் இருக்கவில்லை. நம் பந்து நாளடைவில் வெயிலில் பிசுபிசுக்கும். அந்தக் குறையைத்தான் 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கித் தீர்த்தார். கந்தகம் காய்ச்சும் வேலை வகுப்பறைக்கு வேண்டாம். பிசுபிசுத்தால் கொஞ்சம் மாவைப் பூசி நிழலில் வைத்தால் போதும்.