கரைப் பாட்டு – 14: எட்டயபுரத்துக்கு வந்த கத்தோலிக்கர்

தருவைகுளம் மிக்கேல் அதிதூதர் ஆலயத் திருவிழாவுக்கு எந்தெந்தச் சமூகத்தார் என்னென்ன வகையில் தோள் கொடுக்கிறார்கள் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு மதத்தின் பாட்டை இன்னொரு மதத்தார் தாங்கிப் பிடித்த கதைகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தேடலே இந்த வாரம் என்னைக் கடற்கரையிலிருந்து உள்ளே, மதுரைச் சாலையில் இருக்கும் எட்டயபுரத்துக்கு இழுத்துப் போய்விட்டது.

முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு நரக சதுர்த்தசியன்று எட்டயபுரத்தில்தான் மறைந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருடைய நினைவிடத்தில் பாடகர்கள் கூடிப் பாடுகிறார்கள். அவர்கள் பாடும் கீர்த்தனைகள் சிதையாமல் நம் கைக்கு வந்ததற்குப் பெரிய காரணம் ஏ.எம். சின்னசாமி முதலியார். அவர் கத்தோலிக்கர்.

சென்னைத் தலைமைச் செயலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. எம்.ஏ. படித்தவர், மேற்கத்திய இசை தெரிந்தவர். வாய்ப்பாடமாகவே வந்த கர்நாடக இசை, பாடுகிறவர்களோடு போய்விடும் என்று அஞ்சினார். உலகத்தில் யார் எடுத்தாலும் வாசிக்கும்படி ஐரோப்பிய இசைக்குறியில் அதை எழுதிவிடத் துணிந்து, 1892இல் தன் கைப்பணத்தைப் போட்டு வெளியிடத் தொடங்கினார். தியாகராஜர் பாடல்களுக்கு வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதர் கிடைத்தார். தீட்சிதர் பாடல்களுக்கு ஒரே வாசல், எட்டயபுரம் அரண்மனை வித்துவான் சுப்பராம தீட்சிதர். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதருக்கு மகள் வயிற்றுப் பேரன். அவரே சுவீகாரம் எடுத்து வளர்த்த பிள்ளை.

குடும்பச் சொத்தாகக் காத்து வந்ததை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்க யாருக்குத்தான் உடனே மனம் வரும்? சுப்பராம தீட்சிதர் தயங்கினார். முதலியார் விடவில்லை. 1899இல், உடம்பு தளர்ந்து கண்பார்வையும் மங்கிவந்த நிலையில், எட்டயபுரத்துக்கே வந்து அரசரிடம் முறையிட்டார். அரசர் செலவை ஏற்றார். எழுதும்படி தீட்சிதரிடம் சொன்னார். எட்டயபுரத்தின் வித்யா விலாசினி அச்சகத்திலேயே வேலை நடந்தது. ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ 1904இல் வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில் ஏறத்தாழ 1,700 பக்கம். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229.

இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பக்கங்களில் இருக்கும் கமகக் குறிகள். ஸ்வரத்தை எழுதிவிடலாம், அது அசைவதை எப்படி எழுதுவது? கம்பிதத்துக்கு ஒரு நெளிகோடு. ஜாருவுக்குச் சாய்கோடு, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனியாக. ஒதுக்கலுக்குப் பெருக்கல் குறி. வளிக்கு வில் போன்ற வளைவு. இப்படி ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அடையாளம். மேற்கத்திய முறையைக் கரைத்துக் குடித்த முதலியாரின் யோசனை இந்தக் குறியீட்டுக்குள் இருக்கிறது. கரிசல் காட்டு ஜமீன் ஊர் ஒன்றில், அச்சுக்கோப்பவர் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்வரத்துக்கு மேலே நெளிகோட்டையும் கொக்கியையும் வைத்து 1,700 பக்கம் கோத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அந்தத் தொழிலாளிகள் என்ன சாதி, என்ன மதம்? நூலின் பெருமை பேசும்போது அவர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

புத்தகம் வெளிவந்தபோது முதலியார் உயிரோடு இல்லை.

ஒரு மதத்தின் பாட்டை இன்னொரு மதத்தார் தாங்கிப் பிடிப்பது எட்டயபுரத்துக்குப் புதிதும் அல்ல. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் இதே ஊரில்தான் அடக்கமாகியிருக்கிறார். நபிகளின் வரலாற்றை 5,027 பாடல்களில் பாடியவருக்குத் தமிழ் கற்பித்தவர், அரண்மனைப் புலவர் கடிகை முத்துப் புலவர்; அவர் இந்து. காப்பியம் முடியும் முன்பே ஆதரித்த வள்ளல் சீதக்காதி காலமானார். அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவில் அது அரங்கேறியது. தீட்சிதர் நினைவிடமும் உமறுப் புலவர் அடக்கத்தலமும் ஒரே ஊரில். தீபாவளிக்குப் பாட வருகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை இங்கே விட்டுவிட முடியாது. அவரும் கத்தோலிக்கர்தான். எல்லா மதத்தாரும் சேர்ந்து பாடும்படி ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களை எழுதி 1878இல் வெளியிட்டார். அவருக்கென்று ஒரு வாரம் தனியாக ஒதுக்கியிருக்கிறேன்.

இன்றைக்குச் சமய நல்லிணக்க இசைவிழா என்றால் மூன்று மதத்தாரை மேடையேற்றி ஆளுக்கொரு பாட்டுப் பாடவைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் முதலியார் மேடையேறவில்லை. பணம் போட்டார், கண்ணைக் கொடுத்தார், தயங்கியவரிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். அரசர் செலவை ஏற்றார். தீட்சிதர் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்தார். ஒரு விழாவுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கூட்டு இருக்கிறதா என்று பார்க்கத்தான் நான் ஊர் ஊராகப் போகிறேன். விழாக் குழுவின் வரவு செலவு நோட்டைப் புரட்டினால், ஒலிபெருக்கிக்காரரும் பந்தல்காரரும் மேளக்காரரும் அதில் எப்படி வருகிறார்கள், கூலிக்கு வருகிறார்களா, நேர்ச்சையாக வருகிறார்களா, தலைமுறை உரிமையாக வருகிறார்களா என்பது தெரிந்துவிடும். சுவரொட்டியில் அச்சிடும் பெயர்களை வைத்து எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

தருவைகுளத்தில் இந்தக் கேள்விகளோடுதான் அடுத்த வாரம் உட்காரப்போகிறேன். விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போய்த் திரும்பும் நாள் பார்த்துத்தான் அங்கே பேச முடியும். செப்டம்பர் 29 மிக்கேல் திருநாள். அதற்கு முன்பே தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா வந்துவிடும்; 1806இல் முதன்முதலாக ஓடிய தங்கத் தேரின் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் போதாவிட்டால் தேர் அதற்கடுத்த வாரம்.

(தொடரும்)