காசு எங்கிருந்து வந்தது?

ஆடித் திருவிழா முடிந்த மறுவாரம் தோட்டத்து மாரியம்மன் கோயில் தூணில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. மேளக்காரருக்கு இவ்வளவு, கூடாரத்துக்கு இவ்வளவு, அன்னதான அரிசிக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு என்று காசு பிசகாமல் எழுதி, அடியில் தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சாமி கும்பிட வருகிறவர்கள் அந்தத் தாளின் முன் நின்று, விரல் வைத்துப் படிப்பார்கள். "பூவுக்கு இவ்வளவா?" என்று ஒருவர் கேட்பார். பொருளாளர் ரசீதைக் காட்டுவார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். தாள் ஒட்டாத கோயில்களில்தான் வருடம் முழுவதும் பேச்சு. சில இடங்களில் அது முற்றிப் போய் இரண்டு கட்சி, இரண்டு திருவிழா!

பத்திரிகைகளும் இப்படி ஒரு தாள் ஒட்டினால் என்ன? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு நாளேட்டுக்கு நாம் கொடுக்கும் காசில் அதை அச்சடிக்கும் செலவே பெரும்பாலும் கட்டிவராது. மீதியை விளம்பரக்காரர் கொடுக்கிறார். அதுவும் போதாவிட்டால் முதலாளி கையிலிருந்து போடுகிறார். போடுகிறவருக்கு மனக்கசப்பு வரும்படியான செய்தி அச்சுக்குப் போகுமா, போகாதா? யாரும் மேலிருந்து உத்தரவு போட வேண்டியதில்லை. ஆசிரியர் குழுவில் இருப்பவர்களுக்குத் தானாகவே பேனா தயங்கும்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கின்றது. சிரம்பானிலிருந்து காஜாங் போகும் வழியில் செமினி என்று ஓர் ஊர். அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்களை அடைத்து வைக்கும் தடுப்பு முகாம் இருந்தது. 1995ஆம் ஆண்டு, அந்த முகாமில் டைபாய்டு காய்ச்சலாலும் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயாலும் 59 பேர் இறந்ததாக 'சன்' நாளேட்டில் வேலை பார்த்த ஸ்டீவன் கானும் அவருடைய சகாக்களும் செய்தி திரட்டினார்கள். அவர்கள் திரட்டிய செய்தி அவர்களுடைய நாளேட்டில் வெளிவரவில்லை. பிறகு அவர்கள் அந்த விவரங்களைத் தொழிலாளர் நலனுக்காகப் பாடுபட்ட தெனாகானித்தா அமைப்பிடம் கொடுத்தார்கள். அதன் தலைவி ஐரின் பெர்னாண்டஸ் அறிக்கையாக வெளியிட்டார். அதற்காக 1996ல் அவர்மேல் வழக்கு. 2003ல் ஓராண்டுச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் 2008ல்தான் விடுதலை கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! நம்முடைய பாட்டன்மார் கப்பலேறி வந்ததுபோல் பிழைக்க வந்தவர்கள் செத்ததைச் சொன்னதற்கு இந்தப் பாடு.

தன் செய்தி தன் ஏட்டிலேயே ஏறாது என்று கண்ட மனிதர் என்ன செய்வார்? சொந்த ஏடு தொடங்குவார். ஆனால் தொடங்குவது அத்தனை சுலபமா? 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். அந்நாளில் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். 1987 அக்டோபரில் 'ஸ்டார்', 'சின் சியூ', 'வாத்தான்' என்ற மூன்று ஏடுகளின் உரிமம் ஒரே வீச்சில் பறிக்கப்பட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் ஒரு சந்து திறந்திருந்தது. 1996ல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுக் கம்பெனிகளை ஈர்ப்பதற்காக அரசாங்கம் சில வாக்குறுதிகளை அளித்தது. இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்பது அவற்றுள் ஒன்று. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலும் அதை எழுதி வைத்தார்கள். காகிதத்துக்கு உரிமம் வேண்டும். கணினித் திரைக்கு வேண்டாம்! ஸ்டீவன் கானும் 'சன்' ஏட்டில் உடன் வேலை பார்த்த பிரமேஷ் சந்திரனும் அந்தச் சந்தில் நுழைந்தார்கள். 1999 நவம்பர் 20ஆம் தேதி, பொதுத்தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, 'மலேசியாகினி' என்ற இணைய ஏடு பிறந்தது.

பிறந்தவுடன் வந்த முதல் கேள்வி நான் தலைப்பில் போட்டிருப்பதுதான். தொடங்குவதற்கு உதவியது தென்கிழக்காசியப் பத்திரிகையாளர் கூட்டணி ஒன்றின் மானியம். பிறகு ஏடுகளுக்குக் கடனும் முதலும் கொடுக்கும் ஒரு வெளிநாட்டு நிதியம் பங்கு வாங்கியது. அந்த நிதியத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோசின் அறக்கட்டளையும் ஒன்று. 1997ல் நம் வெள்ளியின் மதிப்பு விழுந்ததற்குக் காரணம் என்று டாக்டர் மகாதீர் குற்றஞ்சாட்டிய அதே சோரோஸ்! கேட்க வேண்டுமா? 2001லும் மீண்டும் 2016லும் 'அந்நியன் காசு' என்ற கூச்சல் எழுந்தது. 2016 நவம்பரில் அலுவலகத்தின் முன் ஆர்ப்பாட்டமே நடந்தது.

இந்தக் கேள்வியைக் கேட்டது தவறென்று நான் சொல்லமாட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்டவர்களில் எத்தனை பேர் அரசியல் கட்சிகள் சொந்தமாக வைத்திருந்த நாளேடுகளையும் அதே குரலில் கேட்டார்கள்? மலேசியாகினி பதில் சொன்னது. பங்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவுதான் அந்த நிதியத்திடம் உள்ளது, மிகுதி தொடங்கியவர்களிடமும் அவர்களைச் சேர்ந்தவர்களிடமும் இருக்கின்றது என்று வெளிப்படையாகவே சொல்லியது. இதை அவர்கள் வாய்மொழியாக மட்டும் நம்ப வேண்டியதில்லை. நம் நாட்டில் எந்தக் கம்பெனியின் பங்குதாரர் யார் என்பதையும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் வாங்கிப் பார்க்கலாம். இது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. 'இதில் பணம் போடுங்கள், இரட்டிப்பாகும்' என்று யாராவது லயத்துக்கு வந்து உட்கார்ந்தால், முதலில் அங்கே போய்க் கம்பெனியின் பேரைத் தேடிப் பாருங்கள்.

மானியத்தை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்? விளம்பரக்காரர்கள் பயந்து ஒதுங்கினார்கள். 2002ல் மலேசியாகினி வாசகர்களிடம் சந்தா கேட்டது. இணையத்தில் எல்லாமே சும்மா கிடைக்கும் என்று உலகமே நம்பிய காலம் அது. படிப்பவர் தொகை சடாரென்று விழுந்தது. ஆயினும் விட்டுப் போகாத சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்கள்தான் அதன் முதுகெலும்பு.

2003 ஜனவரி 20ஆம் தேதி, ஒரு வாசகர் கடிதத்தின் பேரில் புகார் வந்து, போலீசார் அலுவலகத்தில் நுழைந்து 19 கணினிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கட்டடக்காரரும் இடத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார். ஏடு நிற்கவில்லை. ஆனால் வாடகை வீட்டுக்காரனின் நிலைமை தோட்டத்தில் வளர்ந்த நமக்குத் தெரியாததா? வேலை போனால் வீடும் போகும். 2014ல் அவர்கள் பெட்டாலிங் ஜெயாவில் சொந்தக் கட்டடம் வாங்க முனைந்தபோது, செங்கல் ஒன்றுக்கு 1,000 வெள்ளி என்று வாசகர்களிடம் கேட்டார்கள். கொடுத்தவர்களின் பெயர் சுவரில் ஏறியது. கோயில் உபயக் கல்வெட்டு மாதிரிதான்!

எல்லாவற்றிலும் பெரிய சோதனை 2021 பிப்ரவரி 19ஆம் தேதி வந்தது. வாசகர்கள் ஐந்து பேர் எழுதிய கருத்துகள் நீதிமன்றத்தை அவமதித்தன என்று வழக்கு. போலீசார் தெரிவித்த சில நிமிடங்களுக்குள் அந்தக் கருத்துகள் நீக்கப்பட்டுவிட்டன. என்றாலும் கூட்டரசு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஏடு குற்றவாளி என்றார்கள். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஒரே ஒருவர் நீதிபதி நளினி பத்மநாதன். அரசுத் தரப்புக் கேட்ட அபராதம் 2 லட்சம் வெள்ளி. நீதிமன்றம் விதித்ததோ 5 லட்சம் வெள்ளி! ஏடு பொதுமக்களிடம் கையேந்தியது. அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள், 5 லட்சம் சேர்ந்துவிட்டது. பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் சீமான்களா? அப்படிச் சில மணி நேரத்தில் சேர்வதென்றால் பத்தும் ஐம்பதுமாக நிறையப் பேர் போட்டால்தான் முடியும்.

இப்படிக் காசு சேர்ப்பது நமக்குப் புதிதன்று. தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் தெருவில் நின்ற நாளில், 1960ல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் 1961ல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சங்கம் இன்றும் நிற்கின்றது. இன்னொரு கதையும் உண்டு. 1982ல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் நம்மவர்கள் சுமார் 66,000 பேர், நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும், 10 கோடியே 60 லட்சம் வெள்ளி போட்டார்கள். 2010ல் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு. இருபத்தெட்டு ஆண்டுகளில் வெள்ளியின் மதிப்பு எவ்வளவு தேய்ந்தது என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வயிறு எரியும். போட்டவர்களின் நம்பிக்கையில் இரண்டு இடத்திலும் குறை இல்லை. பணம் எங்கே போகின்றது என்று போட்டவர்களுக்கு எவ்வளவு தெரிந்தது என்பதில்தான் எனக்குக் கேள்வி.

இந்தக் கேள்வியை இணையத்தில் வெளியீட்டுத் தொழில் நடத்தும் சில இளைஞர்கள் வேறு விதமாக முடித்துவிட்டார்கள். கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவது! 2013ல் 'கோஸ்ட்' என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. எழுத்தாளர்களும் ஏடு நடத்துபவர்களும் சொந்தமாக இணையத்தில் வெளியிடுவதற்கான மென்பொருள் செய்வது அதன் தொழில். 25,000 பவுண்டு வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ஏறக்குறைய 2 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். லாபத்தைப் பங்கு பிரிக்காத அறநிறுவனமாக, நம் பக்கத்துச் சிங்கப்பூரில் பதிவு செய்திருக்கின்றார்கள். வருமானம் எவ்வளவு என்பது அவர்களுடைய பக்கத்தில் எந்நேரமும் எவர் கண்ணுக்கும் தெரியும். செய்த மென்பொருளையும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மலேசியாகினியும் இந்த அளவுக்குத் தன் கணக்கைத் திறந்து வைத்தால் 'அந்நியன் காசு' என்பவர்களின் வாய் பாதி அடைபடும் என்பது என் எண்ணம்.

தமிழில் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் 'கணியம்' என்ற மின்னிதழைத் தொடங்கினார்கள். கணினி நுட்பத்தைத் தமிழில் எழுதுவது நோக்கம். 2013ல் 'ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ்' என்ற திட்டம் வந்தது. எழுத்தாளரிடம் முறையாக அனுமதி வாங்கி, நூலை மின்னூலாக்கி, யாரும் படிக்கலாம், படியெடுக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம் என்று வெளியிடுகிறார்கள். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பின்னால் இது கணியம் அறக்கட்டளை ஆயிற்று. அறக்கட்டளை தன் வேலைகளை மாத அறிக்கையாக எழுதி, வரவு செலவு விவரத்தோடு இணையத்தில் போட்டுவிடுகிறது. நன்கொடை கொடுத்தவர் மட்டுமல்ல, ஒரு காசும் கொடுக்காத நீங்களும் நானும்கூட அதைத் திறந்து படிக்கலாம். இந்தக் காலத்தில் கைப்பேசியில் நமக்கு வரும் செய்திகளில் முக்கால்வாசி யார் எழுதியது, யார் காசு கொடுத்து எழுத வைத்தது என்றே தெரியாமல் சுற்றுகின்றன. அதற்கு நடுவில் இப்படியும் சிலர்.

எங்கள் பாரோய் வட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. தமிழ்ப் புத்தகம் வாங்க வேண்டுமானால் சிரம்பான் பட்டணத்துக்குப் போக வேண்டும். போனாலும் விலையைப் பார்த்துத் திரும்புகிற தாய்மார்கள் உண்டு. 1924ல் பிறந்த 'தமிழ் நேசன்' 2019ல் நின்றபின், வாங்கிவந்த ஒரு நாளேடும் வீட்டுக்கு வராமல் போனவர்களை எனக்குத் தெரியும். இந்த மின்னூல்களை அவர்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு நூலும் நாலைந்து வடிவில் கிடைக்கும். அச்சடித்துப் படிக்க ஏ4 தாள் அளவில் ஒன்று, கைப்பேசித் திரையில் எழுத்துப் பெரிதாகத் தெரியும்படி ஆறு அங்குல அளவில் ஒன்று. பள்ளிக்கூடத்துக் கணினியில் நான் ஆறு அங்குல வடிவைத்தான் இறக்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவது அம்மாவின் கைப்பேசியில் அல்லவா? ஒரு முறை இறக்கிவிட்டால் பிறகு இணையத் தொடர்பு வேண்டியதில்லை. தொடர்பு சரியாகக் கிடைக்காத லயத்திலும் படிக்கலாம். வேண்டியவர்கள் ஏதாவது ஒரு பள்ளி நாளில் மதியம் ஒன்றரை மணிக்கு மேல் வந்தால் ஏற்றிக் கொடுக்கிறேன்.