கையுறையின் கனமும் குத்தின் வலிமையும்

குத்துச்சண்டைக் கையுறையின் அளவு கையின் நீள அகலத்தைக் கொண்டு சொல்லப்படுவதில்லை. அதன் எடையைக் கொண்டு, அவுன்ஸ் என்னும் அலகில் சொல்லப்படுகிறது. ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம் என்பதால், 8 அவுன்ஸ் கையுறை ஒன்று 227 கிராமும், 10 அவுன்ஸ் கையுறை 284 கிராமும், பயிற்சிக்கூடங்களில் புழங்கும் 16 அவுன்ஸ் கையுறை 454 கிராமும் இருக்கும். தொழில்முறைப் போட்டிகளில், வெல்டர்வெயிட் எடைப் பிரிவின் எல்லையான 147 பவுண்டு, அதாவது சுமார் 66.7 கிலோ வரை உள்ளவர்கள் 8 அவுன்ஸும், அதற்கு மேற்பட்டவர்கள் 10 அவுன்ஸும் அணிவதே பொதுவான வழக்கம். ஆனால் எடை ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு கையுறைகள் ஒரே தன்மை உடையவை ஆகிவிடுவதில்லை. குதிரைமுடி திணித்த மெக்சிகோவின் கிளேட்டோ ரேயஸ் கையுறைகள் எதிராளியைக் குத்தின் முழு வலுவையும் உணரச் செய்பவை என்றும், ஜப்பானின் வின்னிங் நிறுவனக் கையுறைகள் கையைக் காப்பவை என்றும் வீரர்களிடையே பெயர் பெற்றிருப்பது, எடையைப் போலவே திணிப்புப் பொருளும் அது விரல் முட்டிகளின் மேல் எவ்வளவு தடிமனாக அமைந்திருக்கிறது என்பதும் முக்கியம் என்பதையே காட்டுகிறது.

கனமான கையுறை பலமாகத் தாக்கும் என்று ஒரு சாராரும், கனமானது குத்தை மென்மையாக்கும் என்று மறு சாராரும் நம்புகின்றனர். ஒலிம்பிக் வீரர்கள் எழுவரின் நேர்க்குத்துகளை அளந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், கையின் வேகம் சராசரியாக வினாடிக்கு 9.14 மீட்டராகவும், குத்தின் விசை 3,427 நியூட்டனாகவும், குத்தில் உண்மையாகப் பங்கேற்கும் நிறை 2.9 கிலோவாகவும் பதிவாயின. இந்த நிறையோடு ஒப்பிட்டால், 8 அவுன்ஸுக்கும் 10 அவுன்ஸுக்கும் இடையிலான 57 கிராம் வேறுபாடு ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான்; ஆகவே எடை கூடுவதால் மட்டும் குத்தின் வலு பெரிதாகக் கூடிவிடும் என்ற கருத்து நிற்காது.

வேறுபாட்டை உண்டாக்குவது திணிப்பே. நகரும் பொருளின் நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும் அளவு உந்தம் எனப்படும். கை நிற்கும்போது அந்த உந்தம் எதிராளியின் உடலுக்குச் சென்றாக வேண்டும். அது எவ்வளவு நேரத்தில் செல்கிறது என்பதைப் பொறுத்தே விசையின் உச்சம் அமைகிறது. தடித்த திணிப்பு அமுங்கும்போது வினாடியின் ஆயிரத்தில் சில பங்குகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. அதனால் உச்ச விசை குறைகிறது, படும் பரப்பு விரிகிறது, தோல் கிழிவது அரிதாகிறது. மெல்லிய கையுறையில் அதே உந்தம் குறுகிய நேரத்தில், சிறிய இடத்தில் இறங்குகிறது. மேலும், சிறிய கையுறை எதிராளி உயர்த்திப் பிடித்த கைகளின் இடைவெளியில் எளிதாக நுழையும். பெரிய கையுறை தடுப்பவருக்குக் கேடயமாகும். பன்னிரண்டு சுற்றுகள் நீளும் சண்டையில் தோள்கள் தளரத் தொடங்கும்போது கூடுதல் எடை கையின் வேகத்தையும் மெல்லக் குறைக்கும்.

கையுறை முதலில் காப்பது அதை அணிந்திருப்பவரின் கையைத்தான் என்பது பொதுவாக மறந்துபோகும் செய்தி. மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் இடையே ஐந்து அங்கை எலும்புகள் உள்ளன; ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரியவை அடிப்பகுதியில் உறுதியாகப் பிணைந்திருக்க, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உரியவை சற்றே அசையக்கூடியவை. பழக்கமற்றவர்கள் வீசும் குத்து சுண்டு விரல் முட்டியில் படும்போது அவ்விரலுக்குரிய அங்கை எலும்பின் கழுத்துப் பகுதி முறியக்கூடும். பழகிய வீரர்களுக்கோ முதலிரு முட்டிகளே தாக்குமுனை ஆதலால், அவ்விரு எலும்புகளின் அடி மூட்டுகள் தளர்வதும், விரலை நீட்டும் தசைநாணை முட்டியின் மேல் நடுவில் நிறுத்தி வைக்கும் மெல்லிய பட்டை கிழிவதும் நேர்கின்றன. பிரித்தானிய ஒலிம்பிக் குத்துச்சண்டை அணியை 2005 முதல் 2012 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு, கையிலும் மணிக்கட்டிலும் ஏற்படும் காயங்களின் வீதம் பயிற்சியைவிடப் போட்டியில் பன்மடங்கு அதிகம் எனக் கண்டது. போட்டியில் முழு வலுவோடு குத்துவதும், அங்கே கையுறை சிறியதாக இருப்பதும் இதற்குக் காரணங்களாகலாம். கையுறைக்குள் சுற்றப்படும் கட்டுத்துணி எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பதற்கே உரியது. திணிப்பின் வேலையை அது செய்யாது.

இங்கேதான் ஒரு கசப்பான உண்மை எழுகிறது. வெறுங்கைச் சண்டைக் காலத்தில் மண்டையோட்டைக் குறிவைத்தவர் தம் கையையே உடைத்துக்கொள்ளும் அபாயம் இருந்தது. 1867இல் வெளியான குத்துச்சண்டைக்கான குயின்ஸ்பெரி விதிகள் நல்ல தரமுள்ள புதிய கையுறைகளைக் கட்டாயமாக்கிய பின், கை காக்கப்பட்டதால் தலை அச்சமின்றித் தாக்கப்படும் இலக்காயிற்று. திணிப்பு உச்ச விசையைக் குறைத்தாலும், தாடையில் படும் குத்து தலையைச் சுழற்றுவதையும், அச்சுழற்சியில் மூளை இழைகள் இழுபடுவதையும் அதே அளவுக்குத் தடுப்பதில்லை. பெரிய கையுறை அணிந்தால் மூளை பாதுகாப்பாக இருக்கும் என்று இளம் வீரர்களின் பெற்றோருக்கு உறுதி கூறுவது தவறு.

ஆயினும் திணிப்பு அற்பமானதன்று. 1983 ஜூன் 16 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், அதுவரை தோல்வியே கண்டிராத பில்லி காலின்ஸ், லூயிஸ் ரெஸ்டோவின் கைகளில் பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். சண்டை முடிந்து கைகுலுக்கியபோது காலின்ஸின் தந்தை ரெஸ்டோவின் கையுறைகள் மெலிந்திருப்பதை உணர்ந்தார். திணிப்பின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. கட்டுத்துணியும் கடினமாக்கப்பட்டிருந்ததாக ரெஸ்டோ பல ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொண்டார். கண்ணின் கருவிழிப் படலம் கிழிந்த காலின்ஸ் மீண்டும் சண்டையிடவில்லை. அடுத்த ஆண்டே கார் விபத்தில் இறந்தார். ரெஸ்டோவும் அவருடைய பயிற்சியாளர் பனாமா லூயிஸும் குற்றவாளிகள் என 1986இல் தீர்ப்பளிக்கப்பட்டது.

2017 ஆகஸ்டில் ஃபிளாய்ட் மேவெதர், கானர் மெக்ரெகர் இருவரும் 154 பவுண்டு எல்லையில் மோதியபோது, விதிப்படி அணிய வேண்டிய 10 அவுன்ஸுக்குப் பதிலாக 8 அவுன்ஸ் கையுறைகளை அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் விதிவிலக்காக அனுமதித்தது. போட்டிக்கள மருத்துவர்களின் சங்கம் அதை எதிர்த்தது. அரங்கின் பரபரப்பைக் கூட்டுவதற்காகத் திணிப்பைக் குறைப்பது எந்த அளவிலும் ஏற்கத்தக்கதன்று. மருத்துவர்களின் நிலைப்பாடே சரியானது.

பயிற்சியில் ஈடுபடுவோர் எதிராளியுடன் மோதும் ஸ்பாரிங்குக்கு உடல் எடைக்கேற்ப 14 அல்லது 16 அவுன்ஸ் கையுறையைத் தனியே வைத்துக்கொண்டு, மணல்மூட்டை போன்ற கனத்த பையைக் குத்துவதற்கு வேறொன்றைப் பயன்படுத்துவது நல்லது. ஏனெனில் பையில் நாள்தோறும் மோதி நுரைத்திணிப்பு நிரந்தரமாக அமுங்கிய கையுறை, எடையில் 16 அவுன்ஸாகவே இருந்தாலும், முட்டிகளின் மேல் அந்தத் தடிமனை இழந்திருக்கும்.