ஆடல் கூறும் காதற்கதை

1936ஆம் ஆண்டின் அமெரிக்கப் படமான 'ஸ்விங் டைம்' பற்றிய ஆய்வு

திரைப்படத்தில் இடம்பெறும் ஆடல், கதைக்கு உறுப்பா? அன்றி, அணியா? உறுப்பு எனின், அதனை நீக்கியவுடன் உடல் ஊனமுறும். அணி எனின், கழற்றி வைத்தாலும் உடலுக்கு யாதொரு குறையும் நேராது. இசைப்படங்களை அளந்தறிய இதனினும் எளிய அளவுகோல் வேறில்லை. இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால், ஆடலும் பாடலும் நிறைந்த படங்களுட் பல தேறமாட்டா. கதை ஓரிடத்தில் நின்றுவிடும், ஆடல் தொடங்கும், ஆடல் முடிந்தபின் கதை நின்ற இடத்திலிருந்தே மீண்டும் நடக்கும். இடையில் வந்த ஆடலை வெட்டி எறிந்தாலும் கதையில் ஒன்றும் குறைந்துவிடாது.

இதற்கு விலக்காக நிற்கும் படங்களுள் ஒன்று, ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. நிறுவனம் 1936இல் வெளியிட்ட 'ஸ்விங் டைம்'. ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய இப்படத்தில் பிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் நடித்தனர். ஜெரோம் கெர்ன் இசையமைத்தார். டாரதி பீல்ட்ஸ் என்னும் அம்மையார் பாடல்களை இயற்றினார். இப்படத்தின் கதை மெலிந்தது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் இது காலத்தை வென்று நிற்கிறது. அதன் காரணம் யாதென ஆராய்வது, கலையில் வடிவமும் பொருளும் எவ்வாறு ஒன்றாகின்றன என்பதை அறிய உதவும்.

பேசத் தொடங்கிய படம்

1927இல் 'ஜாஸ் சிங்கர்' வெளிவந்தபின் அமெரிக்கத் திரையுலகில் ஊமைப் படங்களின் காலம் முடியலாயிற்று. ஒலி வந்ததும் பாட்டும் உடன் வந்தது. 1929இல் வெளியான 'பிராட்வே மெலடி' சிறந்த படத்துக்குரிய அக்காதெமிப் பரிசையே பெற்றது. ஆயினும் நாடக மேடையில் ஆடியதை அப்படியே எதிரில் நின்று படம்பிடித்தால் அது திரைக்கலை ஆகிவிடுமா என்னும் வினா எழுந்தது.

அதற்கு ஒரு விடை கண்டவர் பஸ்பி பெர்க்லி. 1933இல் வெளிவந்த '42ஆம் தெரு' முதலிய படங்களில் அவர் எண்ணற்ற நங்கையரை வரிசை வரிசையாக நிறுத்தினார். படக்கருவியை அவர்தம் தலைக்கு மேலே உயர்த்தினார். மலர் விரிவது போலவும் சக்கரம் சுழல்வது போலவும் கோலங்கள் திரையில் தோன்றின. காட்சி கண்ணைப் பறித்தது. ஆனால் அங்கே ஆடியவர் யார்? ஒருத்தியின் முகமும் நினைவில் நிற்பதில்லை. மனிதர் கோலத்தின் புள்ளிகளாயினர்.

மற்றொரு விடையைக் கண்டவர் அஸ்டேர். 1899இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பிறந்த இவர், இளமையிலிருந்தே தம் தமக்கை அடீலுடன் மேடைகளில் ஆடிப் புகழ்பெற்றவர். 1932இல் அடீல் மணம் புரிந்து மேடையைத் துறந்தார். அடுத்த ஆண்டு அஸ்டேர் திரைக்கு வந்தார். 1933இல் வெளியான 'பிளையிங் டவுன் டு ரியோ' என்னும் படத்தில் துணைப்பாத்திரங்களாக அஸ்டேரும் ரோஜர்ஸும் முதன்முறையாக இணைந்து ஆடினர். கதைத்தலைவனையும் தலைவியையும் விட்டுவிட்டு மக்கள் இவ்விருவரையே பேசினர். அதிலிருந்து 1939 வரை ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்கென ஒன்பது படங்களிலும், பின்னர் 1949இல் வேறொரு நிறுவனத்துக்கென ஒரு படத்திலும் இருவரும் சேர்ந்து நடித்தனர்.

ஆடலைப் படமாக்குவதில் அஸ்டேர் ஒரு நெறியை வகுத்துக்கொண்டார். ஆடுவோரின் உருவம் தலை முதல் கால் வரை திரையில் தெரிய வேண்டும். பாதத்தை மட்டும் காட்டுவது, முகத்தை மட்டும் காட்டுவது, பார்ப்போரின் வியப்பைக் காட்டுவது ஆகியவை ஆடலைச் சிதைக்கும். வெட்டுக்கள் இயன்ற அளவு குறைவாக இருத்தல் வேண்டும் என்பதே அந்நெறி. ஆடுவோர் நகர்ந்தால் படக்கருவி உடன் நகரலாம். தானே ஆடத் தொடங்கலாகாது. தோற்றத்துக்கு இஃது எளிய விதிபோல் இருக்கும். ஆனால் இதன் விளைவு பெரிது. இருவருக்கிடையே உள்ள தொலைவு, ஒருவர் நெருங்கும்போது மற்றவர் தயங்குவது, கை நீளுவது, தோள் திரும்புவது ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் பார்ப்போர் கண்ணுக்குப் புலனாகின்றன. மெய்ப்பாடு என்பது முகத்தில் மட்டும் இல்லை. மெய் முழுவதிலும் உண்டு என்பதை அஸ்டேர் உணர்ந்திருந்தார்.

கதையின் போக்கு

லக்கி கார்னெட் என்பவன் நடனக்காரன், சூதிலும் கைதேர்ந்தவன். அவனுக்கும் மார்கரெட் என்னும் செல்வர் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது. அவன் போய்விட்டால் தங்கள் ஆட்டக்குழு கலைந்துவிடும் என்று அஞ்சிய தோழர்கள், அவன் காற்சட்டையின் அடியில் மடிப்பு இல்லை என்று குறைகூறித் தையற்காரனிடம் அனுப்பிக் காலத்தைக் கடத்துகின்றனர். மணநேரம் தவறுகிறது. பெண்ணின் தந்தை சினங்கொள்கிறார். நியூயார்க் நகர் சென்று 25,000 டாலர் சேர்த்து வந்தபின் பெண் கேட்பதாக லக்கி வாக்களிக்கிறான். மணக்கோலத்திலேயே சரக்கு வண்டியில் ஏறிப் புறப்படுகிறான்.

நியூயார்க்கில் பென்னி கேரல் என்னும் நடன ஆசிரியையைக் காண்கிறான். ஒரு காசு மாற்றியதில் எழுந்த குழப்பத்தால், அவனைத் திருடன் என்று அவள் எண்ணுகிறாள். காவலரோ நல்லுடை அணிந்தவன் பக்கமே பேசுகிறார். மன்னிப்பு வேண்டி அவள் பணிபுரியும் நடனப்பள்ளிக்கே லக்கி செல்கிறான். அங்கிருந்து காதல் வளர்கிறது. 25,000 டாலர் சேர்ந்துவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டுமே என்பதற்காக, வருகிற பணத்தை வாராமல் தடுக்க அவன் படும் பாடு நகைப்புக்குரியது.

இக்கதையைச் சொல்லக் கேட்டால் சிறுவர் கதை போல் தோன்றும். கதை தன் ஆழத்தைச் சொற்களில் வைக்கவில்லை, ஆடல்களில் வைத்திருக்கிறது.

முதல் ஆடல்: அறிமுகம்

நடனப்பள்ளியில் லக்கி ஆடத் தெரியாதவன் போல் நடிக்கிறான், காலை மாற்றி வைக்கிறான், விழுகிறான். சலிப்புற்ற பென்னி, உங்களுக்கு எவராலும் கற்பிக்க இயலாது என்னும் பொருள்படக் கூறிவிடுகிறாள். அதைக் கேட்ட பள்ளித் தலைவர் அவளை வேலையினின்றும் நீக்குகிறார். உடனே லக்கி, அவள் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாள் என்று காட்டுவதாகச் சொல்லி அவளுடன் ஆடத் தொடங்குகிறான்.

அப்போது அவள் முகத்தில் தோன்றும் மாற்றமே இக்காட்சியின் உயிர். முதலில் திகைப்பு, பின் ஐயம், பின் மகிழ்ச்சி. தனக்கு நிகரான ஒருவனைக் கண்டுகொண்டேன் என்று அவள் வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கால்கள் சொல்கின்றன. ஆடல் இறுதியில் இருவரும் அரங்கைச் சூழ்ந்த குட்டையான தடுப்பைத் தாண்டிக் குதிக்கின்றனர். இருவருக்கிடையே இருந்த வேலி அங்கேயே நீங்கிவிட்டது. அவளுக்கு வேலையும் மீள்கிறது. இந்த ஆடலை வெட்டினால், வெறுத்தவள் விரும்பியது எங்ஙனம் என்பதற்கு விடையே இல்லாமல் போகும்.

ஊடலும் கூடலும்

அடுத்து வருவது 'வால்ட்ஸ் இன் ஸ்விங் டைம்'. வால்ட்ஸ் என்பது மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த ஐரோப்பிய ஆடல். ஸ்விங் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையிலிருந்து பிறந்த துள்ளல் நடை. பழமையும் புதுமையும் ஆகிய இவ்விரண்டும் அந்த ஆடலில் ஒன்றாகின்றன. இருவர் உள்ளமும் ஒன்றிய நிலையைக் காட்ட இதனினும் பொருத்தமான தாளத்தைக் கெர்ன் தெரிந்தெடுத்திருக்க இயலாது.

பின்னர்ப் பனி பெய்த வெளியில் ஒரு பாடற்காட்சி வருகிறது. அங்கே ஆடல் இல்லை. வேறொருத்திக்கு வாக்களித்தவன் ஆதலால் லக்கி ஒதுங்கி நிற்கிறான். அது அறியாத பென்னி ஊடுகிறாள். இருவரும் ஒருவரையொருவர் குறைகூறிப் பாடுகின்றனர். உள்ளம் இணையாத இடத்தில் ஆடலும் இல்லை என்பது நோக்கத்தக்கது. ஆடல் இல்லாமையும் இப்படத்தில் ஒரு பொருளை உணர்த்துகிறது.

இவ்விருவர் படங்களில் முத்தக்காட்சி அரிது. இப்படத்திலும் ஓரிடத்தில் இருவரும் முத்தமிடும் வேளையில் கதவு திறந்து அவர்களை மறைத்துவிடுகிறது. கதவு விலகியபின் லக்கியின் முகத்தில் உதட்டுச் சாயம் மட்டும் தெரிகிறது. பிற படங்களில் முத்தம் செய்யும் வேலையை இங்கே ஆடல் செய்துவிட்டது. ஆதலின் முத்தம் நகைச்சுவைக்குரியதாயிற்று.

ஒரு கறை

இப்படத்தின் குறையை மறைத்தல் நடுநிலை ஆகாது. பில் ராபின்சன் என்னும் கறுப்பினக் கலைஞர், 'போஜாங்கிள்ஸ்' என்னும் பெயரால் புகழ்பெற்றவர். காலணியின் அடியில் பொருத்திய தகட்டால் தரையில் தாளம் எழுப்பும் 'டாப்' நடனத்தில் வல்லவர். அவரைப் போற்றும் முறையில் அஸ்டேர் தனியாக ஓர் ஆடல் ஆடினார். பின்னே மூன்று பேருருவ நிழல்கள் அவருடன் ஒத்தாடுகின்றன. பின் அவருக்கு ஈடுகொடுக்க இயலாமல் சலித்து அகன்றுவிடுகின்றன. திரை நுட்பத்தில் இஃது ஓர் அருஞ்செயல். ஆனால் அஸ்டேர் முகத்தில் கருமை பூசிக்கொண்டு இதனை ஆடினார். கறுப்பின மக்களை எள்ளி நகையாடிய மேடை வழக்கத்திலிருந்து வந்தது அப்பூச்சு. போற்றுவதே கருத்தாயினும், போற்றப்பட்ட மக்களுக்கு அது புண்ணாகவே இருந்தது. அக்காலத்து ஹாலிவுட்டில் கறுப்பினக் கலைஞர்க்குக் கதைத்தலைவர் இடம் கிட்டுவது அரிதினும் அரிது. அவர்தம் தாளத்தை ஏற்றுக்கொண்ட திரை, அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. இப்படத்தைக் கற்பிப்போர் இவ்வுண்மையையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

இறுதி ஆடல்: பிரிவு

மார்கரெட் நியூயார்க்குக்கு வந்துவிடுகிறாள். உண்மை வெளிப்படுகிறது. பென்னி, இசைக்குழுத் தலைவன் ரொமேரோவை மணக்க இசைகிறாள். ஆளற்ற இரவு விடுதியில் லக்கியும் பென்னியும் தனியே நிற்கின்றனர். இனி ஆடப்போவதே இல்லை என்னும் கருத்தமைந்த பாடலை அவன் பாடுகிறான். அதன்பின் இருவரும் மெல்ல நடக்கின்றனர். அந்த நடை எப்போது ஆடலாயிற்று என்று சொல்வது அரிது.

இந்த ஆடலில் புதிய இசை மட்டும் ஒலிக்கவில்லை. முன்னர் அவன் அவளை எண்ணிப் பாடிய காதற்பாடலின் இசை மீண்டும் வருகிறது. இருவரும் ஒன்றி ஆடிய வால்ட்ஸ் இசையும் மீண்டும் வருகிறது. பிரியும் வேளையில் பழைய நினைவுகள் நெஞ்சில் எழுவது போல, அவ்விசை ஒவ்வொன்றும் எழுந்து மறைகிறது. இருபுறமும் உள்ள வளைந்த படிக்கட்டுகளில் ஆளுக்கொரு புறமாக ஏறி, மேல்தளத்தில் மீண்டும் சந்திக்கின்றனர். விரைவு மிகுகிறது. இறுதியில் பென்னி சுழன்று சுழன்று அவன் கையினின்றும் விலகி ஓடிவிடுகிறாள். அவன் தனியே நிற்கிறான். முதல் ஆடலைக் காணாதவர்க்கு இந்த ஆடலின் துயரம் முழுதும் விளங்காது. ஒன்றையொன்று பற்றி நிற்பவற்றை அணி என்று சொல்வது எங்ஙனம்?

இக்காட்சியை 47 தடவை படமாக்கினர் என்பர். ஆடல் அமைப்பில் அஸ்டேருக்குத் துணைநின்ற ஹெர்மீஸ் பான், ரோஜர்ஸின் பாதங்களில் குருதி கசிந்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வெட்டுக்கள் குறைவு என்னும் நெறியின் விலை இதுவே. சிறு பிழை நேரினும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். உயர்ந்த குதியுடைய காலணி அணிந்து, பெரும்பாலும் பின்னோக்கி நகர்ந்து, அதற்கிடையிலும் முகத்தில் உணர்ச்சி மாறாமல் நடித்தவர் அவர். ஆடல் என்றதும் அஸ்டேரை மட்டும் புகழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. ரோஜர்ஸ் வெறும் ஆடல்துணை அல்லர். 1940இல் வெளியான 'கிட்டி பாயில்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்குரிய அக்காதெமிப் பரிசைப் பெற்றவர்.

எளிமையின் பின்னே

கதை நகைச்சுவையில் முடிகிறது. மார்கரெட்டும் வேறொருவனை விரும்புகிறாள் என்று தெரிகிறது. தொடக்கத்தில் லக்கியை ஏமாற்றிய அதே காற்சட்டைத் தந்திரம் இப்போது ரொமேரோவின் திருமணத்தைத் தடுக்கிறது. பனி பெய்யும் நகரின் மேல் கதிரவன் ஒளி வீசக் காதலர் இணைகின்றனர்.

இப்படத்தில் லக்கி பென்னியை எண்ணிப் பாடும் காதற்பாடல், 1936ஆம் ஆண்டின் சிறந்த திரைப்பாடலுக்குரிய அக்காதெமிப் பரிசை வென்றது. 2004இல் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது. வேலையின்மை வாட்டிய காலத்தில் மக்கள் தம் கவலையை மறக்க எடுத்த படம் என்று இதனைச் சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். கவலையை மறக்கச் செய்த படங்கள் அக்காலத்தில் ஏராளம். அவற்றுட் பலவற்றை உலகமே மறந்துவிட்டது.

இது மறக்கப்படாமைக்குக் காரணம், சொல்லால் சொல்ல இயலாததை ஆடலிடம் ஒப்படைத்து, அந்த ஆடலைச் சிதைக்காமல் முழுமையாகக் காட்டியதே. கவிதையில் உவமை பொருளை விளக்க வேண்டும். பொருளோடு ஒட்டாத உவமை எத்துணை அழகியதாயினும் சுமையே. திரையில் ஆடலுக்கும் அதுவே இலக்கணம். பார்ப்பவர்க்கு எளிதாகத் தோன்றும் ஒவ்வோர் அடியின் பின்னும் நாற்பது தடவைக்கு மேல் தோற்ற உழைப்பு இருக்கிறது. அவ்வுழைப்பு திரையில் தெரியாமல் இருப்பதே அக்கலையின் வெற்றி.